கிண்ணம் பேச்சுக்கு வந்த நாள்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றது. ஒருத்தி என் நாத்தனார் கண்மூடும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனவள். ஐந்து பேருக்கும் நான்தான் சோறு போட்டேன், நான்தான் கல்யாணம் செய்து வைத்தேன். அவர்களுடைய அப்பா பாதி வழியிலேயே போய்விட்டார். கடைசிப் பெண்ணையும் கட்டிக்கொடுத்த பிறகு, ஐம்பது வயதைத் தாண்டித்தான் வேதாகமக் கல்லூரிக்குப் படிக்கப் போனேன். மூன்றாவது வரைக்கும் பள்ளிக்கூடம் கண்டவள் கல்லூரிக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். அதை மறைக்க மாட்டேன்.

இந்த வருஷம் ஊழியத்துக்குப் புறப்படுகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் எப்படி ஜெபிப்பது, பெண்கள் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் வேறொன்று சொல்கிறேன். கெட்டவர்கள் நடுவில் நின்று பேசுவது சுலபம். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து, நியாயமாக யோசித்து ஒரு முடிவு எடுக்கிறார்கள். அந்த முடிவில் உன் ஆள் ஒருத்தி நசுங்குகிறாள். அப்போது என்ன செய்வது? அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது.

நான் படித்தது பைபிள் உமன், அதாவது சபையின் பெண் ஊழியக்காரி வேலைக்கான பயிற்சி. ஒரே வருஷம். அதே வளாகத்தில் ஆயர் ஆவதற்குப் படிக்கிற பையன்களும் இருந்தார்கள். அந்த வருஷம் எங்கள் சபையின் அகில இந்தியப் பேரவை கோயமுத்தூரில் கூடியது. ஒவ்வொரு கல்லூரியும் மாணவர் பிரதிநிதியாக ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும் என்று விதி. ஆயர் படிப்பில் அந்த வருஷம் பெண்ணே இல்லை. எங்கள் பயிற்சியில்தான் பெண்கள் இருந்தோம். முதல்வர் ஐயா என் பேரைச் சொன்னார். நான் ஏன் என்று கேட்கவில்லை. என்னைவிட வாய் உள்ளவள் அங்கே யாரும் இல்லை.

என்னோடு வந்த பையன் பேர் சாமுவேல். கோயமுத்தூர்ப் பையன், என் கடைசி மகன் வயது. வாசலில் எங்கள் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். அவன் என் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுச் சொன்னான்: "பெரியம்மா, இதுல ஸ்டூடண்ட்னு போட்டிருக்குதுங்க. பஸ்சுல அரை டிக்கெட் கேட்டுப்போடாதீங்க."

"கேட்டா நீதான் என்ற வாத்தியாருன்னு சொல்லிப்போடுவேன்" என்றேன்.

ஓட்டு உள்ளவர்களுக்கு வெள்ளை அட்டை. எங்களுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர்கள் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. கடைசி வரிசையில் உட்கார வேண்டும்.

இனி எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. அந்தியூருக்கு அந்தப் பக்கம், மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. ஒரே கோயில். அதற்கு இரண்டு இடத்திலிருந்து சனம் வரும். மேலத்தெருவில் இருப்பவர்களுக்குத் தோட்டமும் கிணறும் உண்டு. காலனியில் இருக்கிற நாங்கள் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கமும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். இரண்டு பக்கமும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். கோயிலை விட்டு வெளியே வந்தால் அவரவர் செருப்பு அவரவர் பக்கம் கிடக்கும்.

அன்னாளக்கா எனக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். சிறுவயதிலிருந்து ஒரே தோட்டத்தில் வேலை செய்தாள். அந்தத் தோட்டத்துக்காரர்தான் எங்கள் கோயில் கமிட்டிக்குச் செயலாளர். தோட்டத்தில் தாகம் எடுத்தால் அன்னாளக்கா இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே இருந்து சொம்பில் ஊற்றுவார்கள். ஊர் முக்கில் இருந்த டீக்கடையில் முன்னே எங்களுக்குத் தனி டம்ளர். யாரோ புகார் கொடுத்துப் போலீஸ் வந்து போனபிறகு தனி டம்ளர் போய்விட்டது. அதற்குப் பதிலாக எங்களுக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. கேட்டால் சுத்தத்துக்காக என்பார் கடைக்காரர்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. முன்னால் வரிசையாக முழங்கால் போடுவோம். ஆயர் முதலில் அப்பம் கொடுப்பார், பிறகு திராட்சரசக் கிண்ணத்தை எடுத்து ஒவ்வொருவர் வாயிலும் வைப்பார். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்கு வைப்பார். முன்னே எங்களுக்கு இருந்த ஓர் ஆயர், எவ்வளவோ சண்டைக்கு நடுவில், கோயிலுக்கு வந்த வரிசைப்படிதான் முழங்கால் போட வேண்டும் என்று வைத்துவிட்டுப் போனார். அதனால் செயலாளர் குடித்த கிண்ணத்தில் அன்னாளக்கா குடிப்பாள். அன்னாளக்கா குடித்ததில் செயலாளர் குடிப்பார். மறுநாள் தோட்டத்தில் கையைக் குவித்துக்கொண்டு நிற்பாள்.

அது பன்றிக்காய்ச்சல் பயம் ஊரெல்லாம் இருந்த வருஷம். பேரவைக்குப் புறப்பட்ட அன்றைக்கு அன்னாளக்கா பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள்.

"மார்த்தா, கோயமுத்தூர்ல கிண்ணத்தைப் பத்திப் பேசப்போறாங்களாமே?"

"ஆரு சொன்னாங்க அக்கா?"

"தோட்டத்துல பேசிக்கிட்டாங்க. பண்ணையத்துக்காரரு பெட்டி நெறையக் குட்டிக் குட்டிக் கப்பு வாங்கிட்டு வந்திருக்கறாரு. கார்ல இருந்து நாந்தான் எறக்கி, கோயில் உள்ரூம்புல கொண்டுபோய் வெச்சேன். இனிமே ஆளுக்கொரு கப்பாமா. ஒக்காந்த எடத்துக்கே கொண்டாந்து குடுத்துருவாங்களாமா. முன்னால போய் முட்டி போட வேண்டியதே இல்லையாமா." அவள் என் பையைப் பஸ்சுக்குள் தூக்கி வைத்தாள். "கிண்ணத்தை எடுத்துப்போடுவாங்களா அம்மணி?"

"எனக்குத் தெரியாதக்கா" என்றுதான் சொல்ல முடிந்தது.

பேரவை ஆரம்பித்த அன்றே திருவிருந்து. அங்கே சின்னக் கப்புதான் கொடுத்தார்கள். இருமல் மருந்து அளக்கிற மூடி அளவுக்கு இருந்தது. பஞ்சாபிலிருந்து வந்தவரும் அசாமிலிருந்து வந்தவரும் ஆளுக்கொன்று எடுத்துக் குடித்தார்கள். நானும் குடித்தேன். அந்த ஹாலில் அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை டீ குடிக்கிற இடத்துக்குச் செயலாளர் வந்தார். எங்கள் சேகரத்துக்கு, அதாவது எங்கள் ஊர்ச் சபைக்கு, வெள்ளை அட்டைப் பிரதிநிதி அவர்தான். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை.

"ஏனுங்க அம்மணி, இங்க சாப்பாடெல்லாம் சேருதுங்களா?"

தோட்டத்தில் என்னை அவர் "ஏ புள்ளே" என்றுதான் கூப்பிடுவார். அங்கே 'ங்க' போட்டார்.

"சேருதுங்க."

"அடுத்த மாசக் கமிட்டியில ஊழிய வேலைக்கு உங்க பேரு வருதுங்க. நம்ம ஊருக்கே போட்டுரலாம்னு நானே சொல்லி வெச்சிருக்கறேன். புள்ளை குட்டிக பக்கத்துலயே இருக்கலாம் பாருங்க."

"சந்தோசமுங்க."

"மத்தியானம் ஒரு சுகாதாரத் தீர்மானம் வருது. அது டாக்டருங்க விசயம். நம்ம மாதிரி ஆளுக அதுல என்னத்தைப் பேசறது? கேட்டுப்போட்டு வந்துரலாமுங்க."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கடுஞ்சொல் இல்லை. சாமுவேல் பக்கத்தில்தான் இருந்தான். "நல்ல மனுசனாட்டம் தெரியுதுங்களே பெரியம்மா" என்றான். ஆமாம் என்றேன். அவர் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர். அதுவும் உண்மைதான்.

மத்தியானம் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஒரு டாக்டரம்மா. மலையாளத்துக்காரர். எங்கோ வடக்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. அவர் வார்டில் நோயாளிகளைப் பார்த்த ஒரு நர்ஸ் பெண் அந்தக் காய்ச்சலில் செத்துப்போனாளாம். அதைச் சொல்லும்போது அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. நம் சபைகளில் பொதுக் கிண்ணத்தை அடியோடு நிறுத்திவிட்டு, இனி எப்போதும் சின்னக் கப்புகளிலேயே திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். சாமுவேல் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு அந்த அம்மாமேல் ஒரு வருத்தமும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை. தலைமை தாங்கிய பேராயர் வெள்ளை அட்டைகளைத் தூக்கச் சொல்லப் போனார். நான் மஞ்சள் அட்டையைத் தூக்கினேன்.

"பெரியம்மா, இது வேண்டாமுங்க" என்றான் சாமுவேல். "அப்பாயின்ட்மென்ட் வேற இருக்குது."

"நீ வந்து இங்கிலீஷ்ல சொல்லு. அது போதும்."

மைக்குக்கு முன்னால் போய் நன்றாக நிமிர்ந்து நின்றேன். காய்ச்சல் இருக்கிறவரைக்கும் நிறுத்தலாம், அடியோடு நிறுத்த வேண்டாம், எங்களைப் போன்ற கிராமத்துச் சபைகளுக்கு அந்தக் கிண்ணம் தேவைப்படுகிறது என்றேன். ஏன் தேவை என்று சொல்லவில்லை. செயலாளர் நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். ஊர் மானத்தை இந்தியா முழுவதற்கும் முன்னால் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

உடனே ஒரு வக்கீல் பிரதிநிதி எழுந்தார். அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், கிண்ணமா கப்பா என்பதை அந்தந்தச் சேகரமே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரம்மாவும் சரி என்று தலையை ஆட்டினார். பேராயர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, உங்கள் கருத்தை ஏற்றுக்கொண்டோம். நீங்கள் போய் உட்காரலாம்."

"ஜெயிச்சுட்டீங்க பெரியம்மா, வாங்க" என்று சாமுவேல் என் கையைப் பிடித்தான்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்த இடம் இதுதான். கை தட்டுகிறார்கள். பேராயர் சிரிக்கிறார். உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லவளாக வேலையோடு ஊருக்குப் போகலாம். நான் செயலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கை தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

நான் மைக்கை விடவில்லை. "சாமு, இன்னும் கொஞ்சம் இருக்குது. நான் சொல்றதை அப்படியே சொல்லு. காலேஜ் இங்கிலீஷ்ல மெழுகிப்போடாதே."

பேராயரைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, எங்க ஊர்ல சேகரம்னா கமிட்டிங்க. கமிட்டின்னா மேலத்தெருங்க. அவங்களே முடிவு பண்ணட்டும்னா முடிவு ஏற்கெனவே ஆயிப்போச்சுங்க. கப்பு பெட்டியோட வந்து கோயில்ல எறங்கியாச்சு. நாங்க ஜெயிக்கலைங்க. தோத்துப்போனோம்."

டாக்டரம்மாவுக்குத் தமிழ் புரியும். சாமுவேல் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அவரே எழுந்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அம்மா, சின்னக் கப்பிலே கொடுத்தாலும் அது கர்த்தருடைய இரத்தம் தானே? அதிலே உங்களுக்கு என்ன குறைவு?"

நல்ல கேள்வி. நேரான கேள்வி. இனி மூடி வைக்க முடியாது.

"கர்த்தரோடதுதானுங்க. குறை அதுல இல்லீங்க. எங்க ஊர்ல ஒரு அக்கா இருக்கறாங்க. பேரு அன்னாள். பண்ணையத்துல தாகம்னா கைய ஏந்தோணும், மேல இருந்து ஊத்துவாங்க. டீக்கடையில எங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பு. கேட்டா சுத்தம்பாங்க. மாசத்துக்கு ஒருக்கா, பண்ணையத்துக்காரர் வாய் வெச்ச பாத்திரத்துல அந்த அக்கா வாய் வெக்கறாங்க. அவங்க வெச்சதுல பண்ணையத்துக்காரர் வெக்கறாரு. பூமியில அவங்களுக்கு அந்த ஒரு எடந்தானுங்க. நோவுக்காக நிறுத்துங்க, நாங்க பொறுத்துக்கறோம். நோவு போனதும் திருப்பிக் குடுத்துருங்க. எங்க ஊர்க்காரங்க கையில மட்டும் அதை விட்டுப்போடாதீங்க."

சாமுவேல் அதைச் சொல்லச் சொல்ல அவன் குரல் மாறியது. அவனுக்கும் இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். நான் ஊர் பேரைச் சொல்லவில்லை, பண்ணையத்துக்காரர் பேரையும் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செயலாளர் மடியில் கிடந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தில் எதையோ அடித்து எழுதினார். பிறகு, தன் தீர்மானத்தைத் தானே மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். காய்ச்சல் இருக்கிற வரைக்கும் கிண்ணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அது போய்விட்டது என்று பேராயர்கள் அறிவித்த பிறகு எல்லா இடத்திலும் கிண்ணம் திரும்பி வர வேண்டும். எந்தக் கமிட்டியும் தானாக அதை எடுத்துவிடக் கூடாது. வெள்ளை அட்டைகள் எழுந்தன. செயலாளரும் தன் அட்டையைத் தூக்கினார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நன்றாக உயர்த்திப் பிடித்தார். ஓட்டில்லாத நான் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

இதோடு நிறுத்தினால் இது சாட்சி சொல்கிற கூட்டத்தில் சொல்கிற கதை ஆகிவிடும். மிச்சத்தையும் கேளுங்கள்.

அடுத்த மாதக் கமிட்டியில், எங்கள் ஊரில் இப்போதைக்கு வேலைக்கு இடமில்லை என்று முடிவானது. என்னை மேட்டுப்பாளையத்துக்குப் போட்டார்கள். அங்கே நல்ல சனம், நல்ல ஊழியம். அதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் அடங்கி, பேராயரின் அறிவிப்பு வந்து, எங்கள் ஊரில் மறுபடியும் கிண்ணத்தை எடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் பஸ் ஏறிப் போனேன். பாட்டு முடிந்தது. ஆயர் அழைத்தார். காலனிக்காரர்கள் எழுந்து முன்னால் போனோம். மேலத்தெரு வரிசையில் ஒருவரும் அசையவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அன்றைக்குக் கோயிலிலேயே இல்லை. முதல் ஞாயிறு வந்தால் காரை எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய், சின்னக் கப்பு கொடுக்கிற பெரிய கோயிலில் திருவிருந்து எடுத்துவிட்டு வருகிறார் என்றார்கள்.

வெளியே வந்ததும் அன்னாளக்கா என்னிடம் சொன்னாள்: "கிண்ணம் வந்துருச்சு மார்த்தா. ஆளைத்தான் காணோம்."

அந்தச் சொல்லோடு நான் மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பினேன். நான் செய்தது சரிதானா என்று பல நாள் யோசித்தேன். ஒருவேளை சும்மா இருந்திருந்தால், பேருக்காவது ஒரே கோயிலில் ஒரே நேரத்தில் குடித்துக்கொண்டிருப்பார்களே என்று தோன்றும். ஜெபத்தில் கேட்டாலும் பதில் வரவில்லை. உங்களுக்கும் வராத நாள் இருக்கும். வந்தது போல் நடிக்க வேண்டாம். நான் செய்ததெல்லாம், ஒவ்வொரு முதல் ஞாயிறும் பஸ் ஏறிப் போய் அன்னாளக்கா பக்கத்தில் முழங்கால் போட்டதுதான்.

அப்படிச் சில மாதங்கள் போயின. ஒரு முதல் ஞாயிறு. ஆயர் அழைத்தார். நாங்கள் முன்னால் போனோம். பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் செயலாளரின் வீட்டம்மா எழுந்து நிற்கிறார். அன்றைக்கு முட்டி வலி என்று சொல்லி அவர் காரில் போகாமல் தங்கிவிட்டாராம். மேலத்தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பெஞ்சைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். நேராக அன்னாளக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

அன்னாளக்கா என்ன செய்தாள் தெரியுமா? சட்டென்று தள்ளிப்போனாள். பழக்கம். நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டுவிட்டாள்.

அந்த அம்மா அந்த இடத்தில் முழங்கால் போடவில்லை. நெருங்கி வந்தார். "தள்ளிப் போகாதீங்க அக்கா. எனக்கு முட்டி பிடிக்குதுங்க. உங்க தோளைப் புடிச்சுக்கறேன்" என்றார்.

தோளைப் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கி முழங்கால் போட்டார். ஆயர் அப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவந்தார். அன்னாளக்கா குடித்தாள். ஆயர் விளிம்பைத் துடைத்தார், திருப்பினார். அடுத்தது அந்த அம்மா குடித்தார். அவர் கை அன்னாளக்காவின் தோளை விட்டு எடுபடவே இல்லை.

அடுத்த மாதம் மேலத்தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். ஆண்கள் வர வெகுகாலம் ஆயிற்று. சிலர் இன்றுவரைக்கும் வரவில்லை. செயலாளர் கடைசிவரை வரவில்லை. அவருக்கு அந்தக் கோயிலில் அடக்க ஆராதனை நடந்தபோது நானும் போய்ப் பாட்டுப் பாடினேன். அன்னாளக்கா அதற்கு முன்பே போய்விட்டாள். தோட்டத்தில் அவள் கையைக் குவித்து நிற்பது நின்றதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். அவ்வளவுதான் மாறியது. நான் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான் கண்ணுகளா. ஓட்டு இல்லாவிட்டாலும் பேச உரிமை கிடைக்கும் இடம் வரும். அங்கே பேசுங்கள். கை தட்டினால் உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். யார் யார் தட்டுகிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பேசிவிட்டு வந்த பிறகு, யாருக்காகப் பேசினீர்களோ அவள் பக்கத்தில் போய் முழங்கால் போடுங்கள். மிச்சத்தை நாம் செய்வதில்லை. முட்டி வலியோடு எங்கிருந்தோ ஒருத்தர் எழுந்து வருவார். வராமலும் போகலாம்.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதினவள் என் பேத்தி. எழுதிக்கொண்டே வந்தவள் இப்போது பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறாள்: "அம்மாயி, அந்தச் செயலாளர் பேரு என்ன? அதை ஏன் நீங்க சொல்லவே இல்லை?"

"அவரோட பேரன் பேத்திக இப்ப அந்தக் கோயில்லதான் வரிசையில முட்டி போடறாங்க கண்ணு. அந்தக் கிண்ணத்துலதான் குடிக்கறாங்க. அவங்க நிம்மதியாக் குடிக்கட்டும்."

"அன்னாள் பேரு மட்டும் இருக்கலாமா?"

"அது இருக்கோணும். மொதல்ல இருந்து ஒருக்காப் படி. அவரு பேரு எங்கயாச்சும் என்ற வாயில வந்திருந்தா அடிச்சுப்போடு. அன்னாள் பேரு வர்ற எடத்துல மட்டும் சத்தமாப் படி சாமி. எனக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம்."